தம்பிக்கு வந்த விபத்து இழப்பீட்டுப் பணத்தைச் சட்டப்படி எப்படிக் காப்பாற்றுவது?

பள்ளிபாளையம் அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

என் தம்பிக்கு 29 வயது. இங்கே ஒரு பட்டறையில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தான். இரவு ஷிப்டு முடிந்து பைக்கில் வீடு திரும்பும்போது பின்னால் வந்த லாரி இடித்துத் தள்ளிவிட்டது. முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. சிறுநீர் குழாய் வழியாகத்தான் போகிறது. தலையில் அடி எதுவும் இல்லை. பேச்சு, நினைவு, கை எல்லாம் முன்போலவே இருக்கின்றன.

விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்கு முடிந்து, லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி வட்டியோடு சேர்த்து 58 லட்சம் கட்டியிருக்கிறது. மேல்முறையீடு இல்லை. அதில் 18 லட்சத்தை உடனே எடுத்துக்கொள்ளலாம், மீதி 40 லட்சத்தைத் தேசிய வங்கியில் மூன்று ஆண்டு வைப்பில் போட வேண்டும், வட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாங்கிக்கொள்ளலாம் என்பது உத்தரவு. பணம் எடுப்பதற்கான மனுவை வக்கீல் இன்னும் போடவில்லை.

18 லட்சத்தில் பெரும்பகுதி ஆஸ்பத்திரிக்காக வாங்கிய கடனுக்குப் போய்விடும். அது நியாயமான கடன். கொடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் பயமெல்லாம் அந்த 40 லட்சத்தைப் பற்றித்தான். பணம் வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் ஆள் வருவது நிற்கவில்லை. அம்மாவின் கூடப்பிறந்த மாமா, “வங்கி வட்டி எதற்கு ஆகும்? 25 லட்சத்தை என்னிடம் கொடுங்கள், இரண்டு வட்டி கணக்குப் போட்டு மாதம் 50 ஆயிரம் தருகிறேன்” என்கிறார். அம்மாவுக்கு அண்ணன் வார்த்தை வேதம். தறி முதலாளி, இறந்துபோன அப்பா வாங்கிய முன்பணம் பாக்கி நிற்கிறது, அதை இதில் கழித்துக்கொள்ள வேண்டும் என்று ஆள் அனுப்பினார். வக்கீலின் குமாஸ்தா மொத்தத்தில் 20 சதவீதம் என்றும், அதற்கு இப்போதே கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை வேண்டும் என்றும் கேட்கிறார். அம்மா பெயரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்கு தொடங்கினால் எல்லாம் சுலபம் என்று இன்னொரு சொந்தக்காரர் சொல்கிறார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தம்பியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அம்மா இரவில் கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொண்டு எழுந்திருக்கிறார். ஒரு வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து ஒழுங்காகப் புரட்ட முடியாமல் போனதில் இடுப்பெலும்புக்கு மேல் படுக்கைப் புண் வந்துவிட்டது. அது ஆற நான்கு மாதம் ஆயிற்று. அந்தப் புண்ணுக்கு மட்டும் 60 ஆயிரத்துக்கு மேல் செலவு. குழாய், பை, கையுறை, மருந்து, உடற்பயிற்சி சொல்லித்தருபவர் என்று மாதம் எப்படியும் 15 ஆயிரம் வேண்டும். இது ஒரு வருடத்துக்கான செலவு இல்லை, அவன் உயிரோடு இருக்கும்வரைக்குமான செலவு. அம்மாவுக்குப் பிறகு சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டும்.

இந்தப் பணத்தை யாரும் தொட முடியாதபடி சட்டத்தில் ஏதாவது வழி இருக்கிறதா? கடன்காரர்கள் இதை ஜப்தி செய்ய முடியுமா? மூன்று ஆண்டு முடிந்ததும் என்ன ஆகும்? டிரஸ்ட் மாதிரி ஏதாவது வைக்கலாமா?

ஓய்வுபெற்ற சிரஸ்தார் எழுதியது:

அம்மா, நான் மாவட்ட நீதிமன்றத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விபத்து வழக்குக் கட்டுகளும் வைப்பு ரசீதுகளும் என் மேசை வழியாகத்தான் போகும். நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். மனு இன்னும் போடவில்லை என்பது உங்களுக்குப் பெரிய வாய்ப்பு. பணத்தைப் பாதுகாக்கும் வரிகளை எழுதி வாங்க வேண்டிய இடம் அந்த மனுதான்.

இழப்பீட்டை வைப்பில் போடச் சொல்வது ஏதோ அந்த நீதிபதியின் தனி விருப்பம் அல்ல. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த நெறிமுறை அது. 1994ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் வெளிவந்தது. குஜராத் உயர் நீதிமன்றம் அதற்கும் முன்பே வகுத்திருந்ததை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். ஏமாற்றிப் பணத்தைப் பறிப்பவர்களிடமிருந்து பாதிக்கப்பட்டவரைக் காப்பதுதான் அதன் நோக்கம். அதில் உள்ள நிபந்தனைகள் பலருக்குத் தெரியாது. தெரியாததால் கேட்பதில்லை, கேட்காததால் உத்தரவில் வருவதில்லை.

முதலாவது, வைப்பு ரசீதின்மேல் வங்கி கடனோ முன்பணமோ தரக் கூடாது என்ற நிபந்தனையை நீதிமன்றம் விதிக்க வேண்டும். இது மிக முக்கியம். ரசீது பத்திரமாகப் பெட்டியில் இருக்கும், அதன்மேல் முக்கால்வாசிப் பணம் கடனாகப் போயிருக்கும்; இப்படிக் கண்ட குடும்பங்கள் உண்டு. அடுத்து, வட்டியை மாதாமாதம் நேரடியாகப் பாதிக்கப்பட்டவருக்கே தரச் சொல்லலாம். உங்கள் உத்தரவில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று இருக்கிறது. குழாயும் பையும் மாதாமாதம் வாங்க வேண்டியவை, ஆகவே மாத வட்டியாக மாற்றித் தரும்படி கேளுங்கள். வங்கி 6.5 சதவீதம் கொடுத்தால் 40 லட்சத்துக்கு மாதம் சுமார் 21 ஆயிரம் வரும். நீங்கள் சொன்ன செலவுக்கு அது போதும்.

தொகை பெரிதாக இருந்தால் ஒரே ரசீதாக வைக்காமல் பலவாகப் பிரித்து வைக்கலாம் என்பதும் அதே நெறிமுறையில் இருக்கிறது. திடீரென்று அறுவைச் சிகிச்சை என்றால் ஒரு ரசீதை மட்டும் உடைத்தால் போதும், மற்றவை அசையாது. நானாக இருந்தால் 40 லட்சத்தை எட்டு ரசீதுகளாகக் கேட்பேன்; ஓரிரண்டு குறுகிய காலத்துக்கு, மற்றவை ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று. அவசரம் வந்தால் பணம் எடுக்க அனுமதி கேட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட எப்போதும் உரிமை உண்டு. மேல்சிகிச்சைக்குப் பணம் விடுவிப்பதைப் பற்றி அந்த நெறிமுறையிலேயே தனியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்று ஆண்டு முடிந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதில்தான் ஓட்டை. ரசீது முதிரும் தேதி உங்களுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, மாமாவுக்கு நினைவிருக்கும். முதிர்வுத் தேதியில் நீதிமன்ற வளாகத்துப் புங்கமரத்தடியில் யார் யார் காத்திருப்பார்கள் என்பதைப் பணிக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். கால் இழந்த பிள்ளையை ஆட்டோவிலேயே உட்கார வைத்துவிட்டு, உள்ளே வந்து கட்டைப் புரட்டச் சொல்வார் சித்தப்பா. பிள்ளையின் கைரேகை வேண்டும் என்றால் மைப்பெட்டியோடு நாங்கள் ஆட்டோவுக்குப் போவோம். அந்தப் பையன் எங்கள் முகத்தைப் பார்ப்பான். கேள்வி கேட்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. உத்தரவில் காலம் முடிந்தது என்றால் முடிந்ததுதான். ஆகவே காலத்தை நீட்டிக் கேளுங்கள். முதிர்ந்தால் தானாகப் புதுப்பிக்க வேண்டும், தீர்ப்பாயத்தின் அனுமதி இல்லாமல் முன்கூட்டி முடிக்கக் கூடாது என்று வரி வரியாகக் கேளுங்கள். உத்தரவின் சான்றிட்ட நகலை வங்கி மேலாளரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ரசீதிலும் அந்த நிபந்தனையை எழுதச் சொல்லுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. விபத்து இழப்பீட்டுக்கென்றே வங்கிகள் ஒரு ஆன்யுட்டி டெபாசிட் வைத்திருக்கின்றன. மொத்தப் பணத்தையும் கட்டிவிட்டால், 36 மாதத்திலிருந்து 120 மாதம்வரை அசலும் வட்டியும் கலந்து மாதாமாதம் சமத்தொகை வரும். தில்லி உயர் நீதிமன்றம் வகுத்த அந்தத் திட்டத்தை நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தும்படி 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பத்தாண்டு முடிவில் அசல் தீர்ந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். தம்பிக்கு வயது 29. அசல் கரையாத வைப்பு பெரும்பகுதிக்கும், வேண்டுமானால் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் இதுவும் என்று யோசிக்கலாம்.

வக்கீல் கட்டணம் பற்றி. கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்பதும், வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும் பார் கவுன்சில் விதிப்படி கூடாது. உழைப்புக்கு நியாயமான கட்டணம் கொடுக்க வேண்டும், அதை ரசீதோடு கொடுங்கள். வெற்றுக் காசோலை மட்டும் ஒருபோதும் கொடுக்க வேண்டாம். குமாஸ்தாவிடம் பேசாமல் வக்கீலிடமே நேரில் பேசுங்கள். பல நேரம் அவருக்கே தெரியாமல் இந்தப் பேச்சு நடக்கும். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை நேரடியாகப் பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்ப உத்தரவிடலாம் என்று வழிகாட்டியிருக்கிறது. பணம் தம்பியின் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும் என்று மனுவில் கணக்கு எண்ணோடு எழுதச் சொல்லுங்கள்.

சேலம் வழக்கறிஞர் எழுதியது:

பெரியவர் சொன்னது எல்லாம் சரி. ஜப்தி கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் எவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சேமநல நிதி, ஆயுள் காப்பீட்டுப் பணம், நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுக்கும் வெறும் உரிமை ஆகியவை அதில் உள்ளன. மோட்டார் விபத்து இழப்பீடாகக் கைக்கு வந்த பணம் அதில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இதற்கு நேர்மாறு. 1923இலேயே அதன் 9ஆம் பிரிவு, இழப்பீட்டுத் தொகையை ஜப்தி செய்யவோ வேறொருவருக்கு எழுதி வைக்கவோ எந்தக் கடனுக்கும் ஈடாகக் கழிக்கவோ முடியாது என்று சொல்லிவிட்டது. வேலையில் அடிபட்டவனின் பணத்துக்கு நூறு ஆண்டுக்கு முன்பே கொடுத்த கவசத்தைச் சாலையில் அடிபட்டவனின் பணத்துக்கும் இதே தெளிவோடு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை இப்படி ஒரு குடும்பம் வந்து உட்காரும்போதும் எனக்கு இது வலிக்கிறது.

ஆனால் பயப்பட வேண்டாம். ஜப்தி என்றால் உங்கள் தம்பிமேல் ஒரு தீர்ப்பு இருக்க வேண்டும். அப்பா வாங்கிய கடனுக்கு, அப்பா விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் பிள்ளைகள் பொறுப்பு. தம்பியின் உடல் சேதத்துக்காக வந்த பணம் அப்பாவின் சொத்து அல்ல, அவனுடைய சொந்தப் பணம். தறி முதலாளி இதில் கை வைக்க வழியில்லை. தவிர, முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போட்டு வேலை வாங்கியிருந்தால், 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி அந்தக் கடனே செல்லாது. ஆள் மறுபடி வந்தால் அதை நினைவூட்டுங்கள்.

உங்கள் தம்பியின் பணத்துக்கு உண்மையான ஆபத்து அவன் கையெழுத்து வழியாகத்தான் வரும். புரோநோட்டு, ஜாமீன் கையெழுத்து, பொது அதிகாரப் பத்திரம் ஆகிய மூன்றிலும் அவன் பேனா படக் கூடாது. மாமா வாங்கும் கடனுக்குத் தம்பி ஜாமீன் போட்டால், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் அவனுக்கும் வந்துவிடும். ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு அது. அப்போது அந்த வைப்பைத் தேடி நீதிமன்றம் வழியாகவே ஆள் வரும்.

நிலமோ வீடோ வாங்கினால் கிரயம் தம்பி பெயரில் மட்டும் இருக்கட்டும். “இப்போதைக்கு என் பெயரில் வாங்கி வைக்கிறேன், பிறகு மாற்றித் தருகிறேன்” என்று மாமா சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பினாமிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ‘என் பணத்தில் வாங்கியது’ என்று சொல்லி அந்தச் சொத்தைக் கேட்டு வழக்குப் போடுவதையே தடுக்கிறது.

இரண்டு வட்டி விஷயம். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டு 2012இல் ஏமாந்து நின்றவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். மாமா முன்னிலையில் அவர்களை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள். மாதம் இரண்டு வட்டி என்றால் வருடம் 24 சதவீதம். எந்தத் தொழில் அதை விடாமல் தரும்?

டிரஸ்ட் வைக்கலாம், 1882ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டப்படி தனியார் டிரஸ்ட் எழுதி, தம்பியைப் பயனாளியாக வைக்க முடியும். டிரஸ்டி அந்தப் பணத்தைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது சட்டம். ஆனால் டிரஸ்டியாக யாரைப் போடுவீர்கள்? அந்தக் கேள்வியில் மறுபடி மாமாதான் வந்து நிற்பார். வருமான வரிக் கணக்கு வேறு சிக்கலாகும். தம்பிக்குப் புத்தி தெளிவாக இருக்கும்போது, நீதிமன்ற நிபந்தனையோடு கூடிய வைப்பே போதும் என்பது என் கருத்து.

காவிரிக்கரை எழுதியது:

என் கணவருக்குத் தலையில் அடி. கண் திறந்திருக்கும், ஆனால் எதையும் புரிந்துகொண்டு முடிவு சொல்ல முடியாது. எங்களைப் போன்றவர்கள் இதைப் படித்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

அவருக்காக நான்தான் வழக்கு நடத்தினேன். அப்படி ஒருவருக்காக வழக்கு நடத்துபவர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் பணத்தைக் கையில் வாங்கவும் முடியாது, சமரசம் செய்துகொள்ளவும் முடியாது. சமரசம் பேசி வழக்கை முடிக்கும் லோக் அதாலத்தில் “இப்போதே முடித்துக்கொள்ளுங்கள்” என்று அவசரப்படுத்தினார்கள். இந்த விதி இருந்ததால் நீதிபதி என்னிடம் தனியாக எல்லாவற்றையும் கேட்டு, தொகை போதாது என்று திருப்பி அனுப்பினார். அன்றைக்கு அந்த விதி இல்லையென்றால் என் மாமனார் வீட்டார் பாதித் தொகைக்குக் கையெழுத்துப் போட வைத்திருப்பார்கள்.

கோமாவில் இருப்பவருக்குக் காப்பாளரை நியமிக்கத் தனிச் சட்டம் இல்லாததால் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் இருந்த ஒருவருக்கு அவர் மனைவியையே காப்பாளராக்கிச் சொத்தை விற்க அனுமதித்தது. அதில் 50 லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்பில் போட்டு, வட்டியை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கச் சொன்னது. மனைவியை நம்பவும் செய்தார்கள், பணத்துக்குக் காவலும் போட்டார்கள். அந்த உத்தரவைப் படித்தபோது எனக்குத் தைரியம் வந்தது.

திண்டுக்கல் வாசகன் எழுதியது:

அக்கா, உங்கள் தம்பியின் நிலைமையில்தான் நானும் இருக்கிறேன். கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மாமா சொன்னது இருக்கிறது, முதலாளி சொன்னது இருக்கிறது, குமாஸ்தா சொன்னது இருக்கிறது. தம்பி என்ன சொல்கிறான் என்பது எங்கேயும் இல்லை. கால் போனவுடன் வீட்டில் எல்லோரும் நம்மை மறுபடி குழந்தையாக்கிவிடுகிறார்கள். என் வீட்டிலும் அப்படித்தான். என் தலைமாட்டில் உட்கார்ந்தே என் பணத்தைப் பற்றிப் பேசுவார்கள், என்னைப் பார்க்காமல்.

என் பணமும் வைப்பில் இருந்தது. பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வாங்க ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கூடத் தேவைப்பட்டது. மனுப் போட்டால், “வைப்பு முதிரவில்லை” என்று ஒரே வரியில் தள்ளுபடி. காரணம் எழுதவில்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். பிறகு ஒரு இளம் வக்கீல் 2012ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய நெறிமுறையைத் தீர்ப்பாயங்கள் இயந்திரம்போல் பயன்படுத்துகின்றன, அந்த நெறிமுறையின் நோக்கத்தையே மறந்து நியாயமான தேவைக்கும் பணம் தர மறுக்கின்றன என்று அதில் கண்டித்திருக்கிறார்கள். அதை இணைத்து மறுபடி மனுப் போட்டபின் பணம் கிடைத்தது. அந்த ஸ்கூட்டரில்தான் இன்றைக்கு நான் வேலைக்குப் போகிறேன்.

அதனால் “யாரும் தொட முடியாதபடி” என்று கேட்காதீர்கள். அந்த ‘யாரும்’ என்பதில் உங்கள் தம்பியும் அடங்கிவிடுவான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, தன் பணத்தைத் தானே நிர்வகிக்கும் உரிமை நமக்கு உண்டு என்று சொல்கிறது. அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: ஒரு பண விவகாரத்தில் நமக்கும் நமக்கு உதவுகிறவருக்கும் நலன் மோதினால், உதவுகிறவர் அந்த விவகாரத்திலிருந்து விலகி நிற்க வேண்டும். உங்கள் மாமா 25 லட்சம் கேட்டுக்கொண்டே ஆலோசனையும் சொல்கிறார் அல்லவா, அவருக்குத்தான் அந்த வரி.

சிரஸ்தார் ஐயா சொன்னபடி எட்டு ரசீது கேளுங்கள். ஆனால் மனு அவன் பெயரில், அவன் வாயால் சொல்லி எழுதியதாக இருக்கட்டும். முடிந்தால் நீதிபதி முன்னால் அவனே பேசட்டும்.

வங்கி ஊழியர் எழுதியது:

நடைமுறையாக நான்கு விஷயம் மட்டும் சொல்கிறேன் சகோதரி. கூட்டுக் கணக்கு வேண்டவே வேண்டாம். ‘இருவரில் ஒருவர்’ என்று தொடங்கிவிட்டால் அம்மாவின் கையெழுத்து ஒன்றே போதும், அண்ணன் கேட்டால் அம்மா மறுக்க மாட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தம்பி பெயரில் தனிக் கணக்கு, நீங்களோ அம்மாவோ நாமினி. நாமினிக்கு அவன் இருக்கும்வரை எந்த உரிமையும் இல்லை.

வட்டி வந்து விழும் சேமிப்புக் கணக்கின் ஏடிஎம் அட்டையும் கைப்பேசிப் பணப் பரிமாற்றமும் யார் கையில் என்பதைக் கவனியுங்கள். வைப்பில் பூட்டுப் போட்டுவிட்டு வட்டியைக் கைப்பேசி வழியாக விட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். எஸ்எம்எஸ் தம்பியின் எண்ணுக்கு வரட்டும். விபத்து இழப்பீட்டுக் கணக்கு என்றால் காசோலைப் புத்தகமும் அட்டையும் தர வேண்டாம் என்று தீர்ப்பாயமே சொல்லும் வழக்கமும் உண்டு. அவனுக்கு எது வசதி என்று அவனையே கேட்டு முடிவு செய்யுங்கள்.

வங்கி நொடித்தால் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம்வரைதான் வைப்புக் காப்பீடு. அதனால் தேசிய வங்கிதான் என்ற உத்தரவை விட்டுக்கொடுக்காதீர்கள். அரை சதவீதம் கூட வருகிறது என்று சிறு வங்கிக்கோ கூட்டுறவுக்கோ மாற்ற வேண்டாம். ஆண்டு வட்டி 50 ஆயிரத்தைத் தாண்டினால் வரி பிடிப்போம். அவன் வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லையென்றால் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரலில் அதற்கான படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.

பள்ளிபாளையம் அக்கா எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. திண்டுக்கல் தம்பி எழுதியதை என் தம்பியிடம் அப்படியே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “கம்ப்யூட்டரில் ஜக்கார்டு டிசைன் போடக் கற்றுக்கொள்ள வேண்டும்” என்றான். தறி ஓட்டிய நாளிலேயே அந்த ஆசை இருந்ததாம். குமாரபாளையத்தில் அவன் கூட வேலை பார்த்தவன் ஒருவன் அந்த வேலைக்குப் போயிருக்கிறானாம். உட்கார்ந்தே செய்யலாம், டிசைனுக்கு இவ்வளவு என்று கூலியாம். கம்ப்யூட்டர், மென்பொருள், சாய்ந்து உட்காரும்படி நாற்காலி, மின்சாரம் போனால் இன்வெர்ட்டர், எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் ஆகும் என்று அவனே கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். என்னிடம் இதுவரை சொல்லவில்லை.

மாமாவிடமும் அவனே பேசினான். “கோர்ட்டு அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது மாமா, எடுக்கப் போவதும் இல்லை” என்றான். மாமா கோபித்துக்கொண்டு போய்விட்டார். அம்மா அழுதுகொண்டிருக்கிறார். இரண்டு நாளில் சரியாகிவிடுவார் என்று நினைக்கிறேன்.

சிரஸ்தார் ஐயா, அந்த இரண்டரை லட்சத்தைத் தனியாக எடுக்க நீதிமன்றம் ஒப்புக்கொள்ளுமா?

ஓய்வுபெற்ற சிரஸ்தார் எழுதியது:

ஒப்புக்கொள்ளும் அம்மா. நான் சொன்ன அந்தப் பழைய நெறிமுறையிலேயே, பிழைப்புக்காக விவசாயக் கருவியோ ரிக்‌ஷாவோ வாங்க மொத்தமாகப் பணம் வேண்டும் என்றால் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறது. பணம் உண்மையிலேயே அதற்குத்தான் போகிறது, கேட்பது பணத்தை வெளியே எடுக்கும் தந்திரம் அல்ல என்று தீர்ப்பாயத்துக்குத் திருப்தி வர வேண்டும், அவ்வளவுதான். ரிக்‌ஷா இருந்த இடத்தில் கம்ப்யூட்டரை வைத்துப் பாருங்கள்.

கடையிலிருந்து விலைப்புள்ளி வாங்குங்கள், தேதியும் முத்திரையும் இருக்க வேண்டும். பயிற்சி கொடுப்பவரிடமிருந்து கட்டண விவரத்தோடு ஒரு கடிதம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல். வைப்பில் போகும் 40 லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் இப்போதே, மீதி 37.5 லட்சம் எட்டு ரசீதுகளில், வட்டி மாதாமாதம், ரசீதின்மேல் கடன் கூடாது, அனுமதியின்றி முன்கூட்டி முடிக்கக் கூடாது, முதிர்ந்தால் புதுப்பிக்க வேண்டும். இத்தனையும் ஒரே மனுவில் வரலாம். 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நகலை இணைக்கச் சொல்லுங்கள். வாங்கி முடித்ததும் பில்லை நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிடுங்கள். அடுத்த முறை சிகிச்சைக்கு மனுப் போடும்போது அந்த பில் உங்களுக்காகப் பேசும்.

தம்பியை அழைத்து வருகிற நாளை வக்கீல் மூலம் முன்கூட்டியே அலுவலகத்தில் சொல்லிவைக்கச் சொல்லுங்கள். தீர்ப்பாயம் மாடியில் இருந்தால், தரைத்தளத்தில் வைத்து விசாரிக்கும்படி கேட்டு ஒரு குறிப்புக் கொடுங்கள். காலை முதல் அழைப்பிலேயே முடித்து அனுப்பிவிடுவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே நிலையில் உட்கார முடியாது என்பதையும் அந்தக் குறிப்பிலேயே எழுதுங்கள்.